போட்டோவின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் லெட்டர் டைப் செய்யவும் மெயில் அனுப்பவும் பழகிய பின்னர், அடுத்ததாகக் கை வைப்பது வீட்டில் உள்ள பழைய போட்டோக்களில்தான். ஆல் இன் ஒன் பிரின்டர் வாங்கியிருந்தால் அதனுடன் ஸ்கேனரும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் இருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, ஆல்பத்தில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் மேல் வைத்து ஸ்கேன் செய்துவிடுகிறோம். பின் அவற்றை ஒரு போல்டரில் போட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் உறவினர்களுக்கு அனுப்பி மகிழ்கிறோம்.

நல்ல வேலைதான். ஆனால் இதைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் பாதி வேலையை மட்டுமே செய்கிறார்கள் என்பது என் கருத்து. போட்டோவுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. பின்பக்கத்தை யாரும் ஸ்கேன் செய்வதில்லை. அங்கே சிங்கம், கிரீடம், கேடயம் என்று அழகான சின்னம் ஏதாவது இருந்தால் மட்டும் திருப்பிப் பார்க்கிறார்கள். பார்த்தவுடன் "இது எங்கள் குடும்பச் சின்னம்" என்று முடிவு செய்து இன்டர்நெட்டில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தத் தேடல் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் போய் முடிகிறது. சில சமயம் பணமும் போகிறது. ஏன் என்று இங்கே பார்ப்போம்.

அந்தச் சின்னம் யாருடையது?

முதலில், இந்தப் பழைய போட்டோக்கள் எப்படித் தயாரிக்கப்பட்டன என்று தெரிந்து கொள்வது நல்லது. பாரிஸ் நகரைச் சேர்ந்த டிஸ்டேரி என்பவர் 1854 ஆம் ஆண்டில் "கார்ட் டி விசிட்" என்ற சிறிய வகை போட்டோவுக்குக் காப்புரிமை பெற்றார். 1860களில் இது ஐரோப்பா முழுவதும் பரவியது. சுமார் 64 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் கொண்ட அட்டை இது. ஏறத்தாழ இன்றைய விசிட்டிங் கார்டு அளவுதான். பின்னர் இதைவிடப் பெரிய "கேபினட் கார்டு" வந்தது. அதன் அளவு ஏறத்தாழ 108க்கு 165 மி.மீ.

அன்றைய போட்டோ பேப்பர் மிக மெல்லியது. தனியாக விட்டால் சுருண்டுவிடும். எனவே அதைக் கெட்டி அட்டையில் ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் காலியாக இருக்குமல்லவா? அந்த இடத்தை ஸ்டுடியோக்காரர்கள் விளம்பரப் பலகையாக மாற்றிக் கொண்டார்கள். ஸ்டுடியோவின் பெயர், தெரு, கிளைகள் இருக்கும் ஊர்கள், கண்காட்சிகளில் வாங்கிய பதக்கங்கள், "நெகட்டிவ் பாதுகாத்து வைக்கப்பட்டுள்ளது, மீண்டும் பிரதி எடுத்துக் கொள்ளலாம்" என்ற குறிப்பு எல்லாம் அங்கே அச்சாகின. இவற்றுக்கு மேலே, பார்த்தவுடன் மதிப்புத் தோன்றும்படி ஒரு சின்னமும் இருக்கும்.

ஆக, பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் சின்னம் பெரும்பாலும் போட்டோ எடுத்தவருடையது. படத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜவுளிக் கடைப் பையில் மயில் படம் இருந்தால், அந்தப் பையைத் தூக்கிச் செல்பவரின் குலச்சின்னம் மயில் என்று யாராவது சொல்வார்களா? இதுவும் அப்படித்தான்.

பார்த்தவுடன் தெரிந்து கொள்ளக் கூடிய சில சின்னங்களைக் கீழே தருகிறேன்.

கேடயத்தின் ஒரு பக்கம் சிங்கமும் மறுபக்கம் ஒற்றைக் கொம்புக் குதிரையும் நின்றால், அது பிரிட்டிஷ் அரசின் சின்னம். கீழே "கடவுளும் என் உரிமையும்" என்ற பொருள் தரும் பிரெஞ்சு வாசகம் இருக்கும். அரண்மனைக்குப் படம் எடுத்துத் தர நியமனம் பெற்ற ஸ்டுடியோக்கள் இதைப் பெருமையாகப் போட்டுக் கொண்டன. நியமனம் பெறாத சிலரும் போட்டுக் கொண்டதால், 1883 ஆம் ஆண்டின் காப்புரிமை மற்றும் வணிகச் சின்னச் சட்டத்தில் இதற்குத் தடை விதித்து அபராதமும் வைத்தார்கள்.

கிரீடத்துக்குள் இருந்து மூன்று தீக்கோழி இறகுகள் எழுந்து நின்றால், அது வேல்ஸ் இளவரசரின் சின்னம். "நான் சேவை செய்கிறேன்" என்று பொருள்படும் ஜெர்மன் வாசகம் அதனுடன் வரும். வட்ட வட்டமாக அரசர், அரசி தலைகள் இருந்தால் அவை கண்காட்சிப் பதக்கங்கள். இரண்டு மூன்று எழுத்துகள் கொடி போலப் பின்னிக் கொண்டிருந்தால், அது பெரும்பாலும் ஸ்டுடியோ உரிமையாளரின் பெயர் எழுத்துகள். கேமராவுடன் விளையாடும் இறக்கை முளைத்த குழந்தை, உதிக்கும் சூரியன், ஓவியரின் வண்ணத் தட்டு ஆகியவை அட்டை அச்சிட்டவர்கள் பல ஸ்டுடியோக்களுக்கும் விற்ற பொது டிசைன்கள். அமெரிக்கப் படம் என்றால், பின்னால் ஒரு தபால் தலை போன்ற ஒன்று ஒட்டியிருக்கலாம். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை அங்கே போட்டோக்களுக்கு வரி இருந்தது. அந்த வரிக்கான ஸ்டாம்ப் அது.

நம் நாட்டிலும் இதே பழக்கம் இருந்தது. புகழ்பெற்ற ராஜா தீன் தயாள் 1897 ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியின் நியமனம் பெற்றார். கல்கத்தாவின் பார்ன் அண்ட் ஷெப்பர்ட் 1860களில் தொடங்கி 2016 வரை இயங்கிய ஸ்டுடியோ. சமஸ்தானங்களின் சின்னங்களும் இதில் சேரும். 1877 ஜனவரி 1 அன்று நடந்த டெல்லி தர்பாரில், நம் சமஸ்தான மன்னர்களுக்கு ஐரோப்பிய முறையில் வரைந்த கேடயச் சின்னங்கள் கொண்ட கொடிகளை ஆங்கிலேய அரசு வழங்கியது. எனவே உங்கள் கொள்ளுத்தாத்தா படத்தின் பின்னால் ஒரு சமஸ்தானச் சின்னம் இருந்தால், அவர் ராஜ வம்சம் என்று முடிவு செய்ய வேண்டாம். அந்த ஸ்டுடியோவுக்கு அரண்மனை ஆதரவு இருந்தது என்பதைத்தான் அது முதலில் காட்டுகிறது.

சர்நேம் டைப் செய்தால் சின்னம் வருமா?

இனி இன்டர்நெட் பக்கம் வருவோம். குடும்பப் பெயரை ஒரு பாக்ஸில் டைப் செய்து என்டர் தட்டினால், சில நொடிகளில் வண்ணமயமான கேடயத்தைக் காட்டும் தளங்கள் பல உள்ளன. அதை மரப் பலகையிலும் காபி கப்பிலும் சாவிக் கொத்திலும் பதித்து அனுப்புவதாகச் சொல்லிப் பணம் கேட்பார்கள்.

இதன் அடிப்படையே தவறு. இங்கிலாந்தில் இந்தச் சின்னங்களை வழங்கும் அமைப்பு லண்டனில் உள்ள காலேஜ் ஆப் ஆர்ம்ஸ். 1484 ஆம் ஆண்டில் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் ஏற்படுத்தியது, இன்றும் இயங்குகிறது. ஒரு சர்நேமுக்கென்று சின்னம் கிடையாது என்று இந்த அமைப்பே சொல்கிறது. சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுகிறது. அவருடைய வாரிசுகள், அதிலும் ஆண் வழி வாரிசுகள், அதை அனுபவிக்கிறார்கள். அதே சர்நேம் உள்ள பக்கத்துத் தெருக்காரருக்கு அதில் உரிமை இல்லை. ஸ்காட்லாந்தில் இதற்கெனத் தனி நீதிமன்றமே இருக்கிறது. அதன் பெயர் லார்டு லயன் கோர்ட்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நாம் "கிரெஸ்ட்" என்று மொத்தமாகச் சொல்வது உண்மையில் ஒரு பகுதி மட்டுமே. கேடயத்தின் மேல் ஒரு தலைக்கவசம் இருக்கும். அதன் உச்சியில் நிற்கும் சிங்கத் தலையோ பறவையோ கையோதான் கிரெஸ்ட். முழுச் சின்னமும் வேண்டும் என்றால் கேடயத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரே கிரெஸ்ட்டைப் பல குடும்பங்கள் பயன்படுத்தியிருக்கின்றன. எனவே கிரெஸ்ட்டை மட்டும் வைத்துக் கொண்டு "இன்ன குடும்பம்" என்று அடித்துச் சொல்ல முடியாது.

"அழகாக இருக்கிறது, மாட்டி வைத்தால் என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்பார்கள். அலங்காரத்துக்கு என்று தெரிந்தே மாட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது அதோடு நிற்பதில்லை. யாராவது ஒருவர் அந்தப் படத்தைக் குடும்ப மரம் வரையும் தளம் ஒன்றில் ஏற்றிவிடுவார். அங்கிருந்து உறவினர் ஒருவர் காப்பி செய்வார். அவரிடமிருந்து இன்னும் நான்கு பேர் காப்பி செய்வார்கள். பத்து இடத்தில் இருக்கிறதே, அப்படியானால் உண்மைதான் என்று பதினோராவது ஆள் நம்புவார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு தவறான தகவல் ஒரு வீட்டுச் சுவரில்தான் தொங்கும். இன்று அது உலகம் முழுவதும் தொங்குகிறது.

பெரம்பூரில் பார்த்தது

பெரம்பூரில் எனக்குத் தெரிந்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் அழைப்போம். பேத்தியின் கல்யாணத்துக்குக் கார்டு அடிக்க ஏற்பாடுகள் நடந்து கொண்டிருந்தன. ஒரு பழைய கேபினட் கார்டை எடுத்து வந்து, "தம்பி, என் தாத்தா படம் இது. பின்னாடி இருக்கற சிங்கத்தைக் கொஞ்சம் கிளீன் பண்ணிக் குடு. கார்டுல போடணும்" என்றார்.

பேரன் ஏற்கெனவே வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்திருந்தார். எல்லாமே முன்பக்கம் மட்டும். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்று ஒரிஜினல் படங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, வீட்டைக் காலி செய்யும்போது போட்டுவிடலாம் என்று வைத்திருந்தார்கள். கூடவே சர்நேமை ஒரு தளத்தில் கொடுத்து ஒரு கேடயத்தையும் டவுன்லோட் செய்திருந்தார் பேரன். அதில் மூன்று பறவைகள். போட்டோவின் பின்னால் இருப்பதோ சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும். இரண்டும் வேறு வேறு என்பதை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. இரண்டுமே ராஜ களையாக இருந்ததால் இரண்டையும் நம்பிவிட்டார்கள்.

அட்டையின் பின்பக்கத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தேன். சின்னம் பிரிட்டிஷ் அரசுச் சின்னம் என்பது தெளிவாகத் தெரிந்தது. அதன் கீழ் மவுண்ட் ரோடு முகவரியுடன் ஸ்டுடியோவின் பெயர். அதற்கும் கீழே ஏதோ அழுக்கு போல ஒரு கறை. படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றி, லெவல்ஸ் வசதியில் கருமையைக் கூட்டிய போது, அந்த அழுக்கு பென்சில் எழுத்தாக மாறியது. ஒரு எண். பக்கத்தில் "ஜாலார்பேட், லோகோ" என்று இரண்டு ஆங்கில வார்த்தைகள்.

தாத்தா இங்கிலாந்தில் பெரிய வீட்டுப் பிள்ளை என்பதுதான் அந்தக் குடும்பத்தில் சொல்லி வந்த கதை. அங்கிள் ஸ்கிரீனைச் சிறிது நேரம் பார்த்துக் கொண்டே இருந்தார். பின், "எங்க அப்பா ஜோலார்பேட்டை ஷெட்லதான் வேலை பார்த்தார். தாத்தாவும் அங்கதானா?" என்று கேட்டார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. தாத்தா, அப்பா, தான் என்று மூன்று தலைமுறை ரயில்வேக்காரர்கள் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. கல்யாணக் கார்டில் சிங்கமும் வரவில்லை, பறவையும் வரவில்லை. பிளாஸ்டிக் பை திரும்பவும் அலமாரிக்குள் போனது.

சின்னத்தைத் துரத்திக் கொண்டு போயிருந்தால் அந்தக் குடும்பம் யாரோ ஒரு பிரபுவின் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கும். அந்தப் பையைத் தூக்கிப் போட்டிருந்தால் ஜோலார்பேட்டையும் போயிருக்கும். பின்பக்கத்தை ஸ்கேன் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

எப்படி ஸ்கேன் செய்வது?

விண்டோஸ் பேக்ஸ் அண்ட் ஸ்கேன் புரோகிராமோ, உங்கள் ஸ்கேனருடன் வந்த புரோகிராமோ போதும். நியூ ஸ்கேன் என்பதில் கிளிக் செய்திடுங்கள். கலர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கருப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். பழுப்பேறிய அட்டையில் பென்சில் எழுத்தையும் கறையையும் பிரித்துக் காட்டுவது நிற வேறுபாடுதான். பைல் டைப் என்ற இடத்தில் டிப் அல்லது பி.என்.ஜி. தேர்ந்தெடுங்கள். ஜேபெக் பைல் சிறியதாக இருக்கும். ஆனால் நுண்ணிய கோடுகளைச் சிதைத்துவிடும்.

ரெசல்யூசன் எவ்வளவு வைப்பது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சின்னத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். 100 டி.பி.ஐ.யில் அதற்குக் கிடைப்பது 39 பிக்ஸல்கள்தான். 600 டி.பி.ஐ.யில் 236 பிக்ஸல்கள். 1200 டி.பி.ஐ.யில் 472. எனவே முழு அட்டைக்கு 600 வைத்து ஒரு முறையும், சின்னத்தை மட்டும் செலக்ட் செய்து 1200 வைத்து மறுமுறையும் ஸ்கேன் செய்திடுங்கள். கார்ட் டி விசிட் அட்டை ஒன்று 600 டி.பி.ஐ.யில் சுருக்கப்படாத நிலையில் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இது ஒரு சுமையே அல்ல.

இந்த நுண்ணிய கோடுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. ஒரே மையில் அச்சிடும் போது கேடயத்தின் நிறங்களைக் காட்டக் கோடுகளைப் பயன்படுத்தும் முறை 1600களிலேயே வந்துவிட்டது. பெத்ரா சாங்தா என்ற இத்தாலியப் பாதிரியார் 1638 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் இது நிலைபெற்றது. நெடுக்குக் கோடுகள் என்றால் சிவப்பு. படுக்கைக் கோடுகள் என்றால் நீலம். புள்ளிகள் பொன் நிறம். ஒன்றும் இல்லாவிட்டால் வெள்ளி. நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்டிருந்தால் கருப்பு. இடது மேல் மூலையில் இருந்து வலது கீழ் மூலைக்குச் சரிந்தால் பச்சை. அதற்கு எதிர்ப்பக்கம் சரிந்தால் ஊதா.

கருப்பாகத் தெரியும் ஒரு சின்னத்தில் நிறங்கள் ஒளிந்திருக்கின்றன பாருங்கள்! குறைந்த ரெசல்யூசனில் ஸ்கேன் செய்தால் இந்தக் கோடுகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். எடிட் செய்யும் போது படத்தை இடவலமாகப் புரட்டிவிட்டால் பச்சை ஊதாவாகிவிடும். இதிலும் கவனம் தேவை.

மொபைல் போனில் படம் எடுப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, ஸ்கேன் ஆப்கள் பலவற்றில் ஓரங்களைத் தானாக வெட்டிவிடும் வசதி இருக்கும். ஸ்டுடியோ பெயர் அட்டையின் விளிம்பில்தான் இருக்கும் என்பதால் இந்த வசதியை நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, அட்டையில் மை இல்லாமல் மேடாக அழுத்திய முத்திரை இருந்தால், ஸ்கேனரில் அது சரியாக விழாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை அட்டையின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துக் கொண்டு போனில் படம் எடுங்கள். நிழல் விழுந்து முத்திரை எழுந்து நிற்கும். மூன்றாவது, படத்தை மெருகூட்டும் ஏ.ஐ. வசதிகளைப் பின்பக்கத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். மங்கிய எழுத்தை அவை தெளிவாக்குவதில்லை. தாமாக ஊகித்து ஓர் எழுத்தை வரைந்துவிடுகின்றன. முகத்துக்கு அது அழகாக இருக்கலாம். ஆதாரத்துக்கு அது ஆபத்து.

பென்சில் எழுத்தைப் படிக்க விலையில்லாமல் கிடைக்கும் கிம்ப் புரோகிராம் போதும். கலர்ஸ் மெனுவில் டிசாச்சுரேட் கொடுத்து, அதே மெனுவில் லெவல்ஸ் திறந்து, இரு முனை முக்கோணங்களையும் மெதுவாக நடுவை நோக்கி நகர்த்துங்கள். இன்வெர்ட் கொடுத்தும் பாருங்கள்; சில எழுத்துகள் கருப்புப் பின்னணியில் நன்றாகத் தெரியும். இவை எல்லாவற்றையும் பிரதி எடுத்த பைலில்தான் செய்திட வேண்டும். முதலில் ஸ்கேன் செய்த பைலைத் தொடக் கூடாது.

பைல் பெயரிலும் ஒழுங்கு வேண்டும். 001-முன், 001-பின் என்று ஜோடியாகப் பெயர் கொடுத்தால் எந்த முதுகு எந்த முகத்துக்கு என்ற குழப்பம் வராது. கடையில் கொடுத்து ஸ்கேன் செய்பவர்கள் "இரண்டு பக்கமும் வேண்டும்" என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால் ஒரு பக்கம்தான் கிடைக்கும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பலவந்தமாகப் பிய்க்க வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

எங்கே தேடுவது?

படத்தை அப்படியே கொடுத்துத் தேடும் கூகுள் லென்ஸ் போன்ற வசதிகள் நல்லவைதான். ஆனால் அவை உருவ ஒற்றுமையைத்தான் பார்க்கின்றன. சிங்கத்தைக் கொடுத்தால் நூறு சிங்கங்கள் வரும். எனவே சின்னத்தைக் கடைசியில் வைத்துக் கொண்டு, எழுத்துகளை முதலில் தேடுங்கள். ஸ்டுடியோ பெயரையும் தெருவையும் மேற்கோள் குறிகளுக்குள் கொடுத்துத் தேடினால், அந்த ஸ்டுடியோ எந்த ஆண்டுகளில் எந்த முகவரியில் இருந்தது என்பது தெரிய வாய்ப்புண்டு. பழைய டைரக்டரிகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. இந்தியாவுக்குத் தாக்கர்ஸ் டைரக்டரி உதவும்.

பதக்கத்தில் 1878 என்று இருந்தால், அட்டை அதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது. அட்டையையும் தடவிப் பாருங்கள். மெல்லியதாக, மூலைகள் கூராக இருந்தால் 1860களாக இருக்கலாம். மூலைகள் உருண்டிருந்தால் 1870களுக்குப் பின். தடித்து, விளிம்பில் தங்க நிறம் பூசியிருந்தால் 1880களுக்குப் பின். இவை தோராயமான கணக்குகள்தான் என்றாலும் பத்து இருபது ஆண்டுகளுக்குள் அடைத்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு, அந்தச் சின்னம் ஸ்டுடியோவுடையது அல்ல என்று உறுதியானால் மட்டும் குடும்பச் சின்னமா என்று பார்க்கலாம். உதாரணமாக, அச்சாக இல்லாமல் அரக்கு முத்திரையாகவோ, ஆல்பத்தின் சொந்தக்காரர் ஒட்டிய சீட்டாகவோ இருந்தால் அதற்கு வாய்ப்பு உண்டு. அப்போது மூன்று பழைய நூல்கள் உதவும். கிரெஸ்ட் படங்களுக்கு பேர்பேர்ன் தொகுத்த நூல். கேடயத்தில் இருப்பதை வைத்துக் குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்க 1874 ஆம் ஆண்டு வெளியான பாப்வொர்த் நூல். வாசகத்தை வைத்துத் தேட 1860 ஆம் ஆண்டின் எல்வின் நூல். கிடைக்கும் விடை ஒரு பெயராக இருக்காது. பெயர்களின் பட்டியலாக இருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதே ஆதாரமாகிவிடாது. பிறப்பு, திருமணப் பதிவுகள் வழியாக அந்த மனிதர் வரை ஒவ்வொரு படியாகச் சென்றால்தான் உண்டு.

இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்திய, ஐரோப்பியக் குடும்பங்களுக்கு இந்தப் பதிவுகள் நிறையவே இருக்கின்றன. மெட்ராஸ் மாகாணச் சர்ச் பதிவுகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. பிபிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தளத்தில் பெயரைக் கொடுத்து இலவசமாகத் தேடலாம். பெரம்பூர் பேரன் இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் இருப்பது ஒரு பெயரும் ஓர் ஊரும் ஒரு தொழிலும். கேடயம் எதுவும் இல்லாமலேயே தேடலைத் தொடங்க இது போதும்.

நம் வீடுகளில் உள்ள பிற்காலப் படங்களுக்கும் இதே வழிமுறைதான். அவற்றின் பின்னால் கேடயம் இருக்காது. ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்ப், நெகட்டிவ் எண், அத்தை எழுதி வைத்த தேதி, மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பிய போது எழுதிய நட்சத்திரம், உயரம் என்று ஏதாவது இருக்கும். அவற்றைப் படித்துச் சொல்லக் கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும் போதே ஸ்கேன் செய்துவிடுங்கள். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு, படத்தில் இருப்பவர்கள் யார் என்று கேட்டு, 001-குறிப்பு என்று ஒரு டெக்ஸ்ட் பைலில் டைப் செய்து அதே போல்டரில் போட்டு வையுங்கள். அந்த போல்டரை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுத்து வைப்பதும் நல்லது.